ஊவாவின் வெயில் யாருக்கு?

மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை கொட்டும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் பதுளை மாவட்டம் காய்கிறது. மழையை மறுபுறம் இறக்கிவிட்டு வரும் கச்சான் காற்றும் வெயிலும் கொழுந்தின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. அவ்வாறு வாடும் கொழுந்திலேதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த தனி நறுமணம் பிறக்கிறது. கொழும்பு ஏலத்தில் இக்காலத் தேயிலை நாடப்படுவதும் அதனாலேயே.

வெயிலில் வேறொரு நிம்மதியும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதையுண்டதை நாம் மறந்துவிடவில்லை. மழை ஓய்ந்த மாதங்களிலேயே சரிவுகளில் வாழ்வோர் அச்சமின்றி உறங்குகின்றனர்.

ஆயினும் கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை எட்டாவிட்டால் அரைப்பேர். ஏலத்தில் விலை ஏறும் அதே வாரங்களில் பறிப்பவளின் வருமானம் இறங்குவது என்ன நியாயம்? பீலியில் நீர் நூலாகும்போது குடத்துடன் அலைபவளும் அவளே. உமா ஓயாச் சுரங்க அகழ்வில் 2014 இறுதியில் ஏற்பட்ட நீர்க்கசிவின் பின் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியமை, வறட்சிக்கு மனிதர் சேர்த்த பங்கு.

வறட்சி வாரங்களில் நிறையளவைத் தளர்த்துவது துரைமாரின் தயவாக இருத்தல் ஆகாது. அதனை எழுத்துமூல உடன்பாடாக்கி, பருவத் தேயிலையின் மேலதிக விலையில் தொழிலாளருக்கும் ஒரு பங்கு கிடைக்கத் தொழிற்சங்கங்கள் கம்பனிகளிடம் வலியுறுத்த வேண்டும். அடுத்த ஜூலைக்கு முன் லயன்களுக்கு நீர்த்தாங்கிகளும் தேவை.