பிடதிக்கு எத்தனை பஸ்?

அக்கா மகளின் கல்யாணத்தை வைத்து வீட்டில் நடக்க வேண்டிய சண்டையெல்லாம் நடந்து ஓய்ந்துவிட்டது. அழுகை, பட்டினி, பேச்சு வார்த்தை நின்று போனது, யாரோ சொன்னார்கள் என்று கயிறு மந்திரித்துக் கட்டியது, எல்லாம் முடிந்தது. இப்போது மிச்சமிருப்பது ரிசப்ஷனை எங்கே வைப்பது என்கிற சண்டை மட்டும்தான். பெண் பெங்களூரில் வேலை செய்கிறாள். அவள் கட்டிக்கொள்ளப் போவதும் ஒரு பெண்ணைத்தான், ஹாசன் பக்கத்துப் பெண். இரண்டு பேரும் ஒரே பிடிவாதமாகக் கேட்பது ரைடும் ரிசார்ட்டும் சேர்ந்தாற்போல் இருக்கிற ஒரு தீம் பார்க். பகலெல்லாம் தண்ணீரில் ஆட்டம், சாயங்காலம் மேடை, ராத்திரி சாப்பாடு.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2005இல் பிடதியில் வொண்டர்லா திறந்தபோது இவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மைசூர் அரண்மனையைப் பார்க்கப் போன டூரில் அரண்மனையை மறந்துவிட்டு, வழியில் பார்த்த ராட்டினத்தைப் பற்றியே வருஷம் முழுக்கப் பேசினாள். அவளுடைய தாத்தா எங்கள் ஊரான கோலார் தங்கவயலில், அதாவது கேஜிஎஃபில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. வயிறு தொண்டைக்கு ஏறி வரக் கூண்டில் பூமிக்குள் இறங்கினார், அதற்குச் சம்பளம் வாங்கினார். பேத்தி அதே தொண்டை அடைப்புக்குக் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறாள். முன்னேற்றம் என்பது இதுதான் போலிருக்கிறது.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் அக்கா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதுதான். "அதுவே நல்லதுடி, ஊருக்குத் தள்ளி இருக்கு" என்றாள். அப்போதுதான் புரிந்தது. மகள் கேட்பது ராட்டினம். அம்மா கேட்பது கேட். அங்கே வாசலில் செக்யூரிட்டி நிற்பான், கையில் பட்டை கட்டினால்தான் உள்ளே விடுவான், அழைக்காதவன் நுழைய முடியாது. சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுத் தெருவில் ஷாமியானா போட்டால் அதற்குக் கதவு ஏது? அழைத்தவனும் வருவான், அழைக்காதவனும் வருவான், ராத்திரி பதினோரு மணிக்குக் குடித்துவிட்டு வந்து சந்தேகம் கேட்பவனும் வருவான்.

அக்காவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, எங்களில் பாதிப் பேருக்குப் பூர்வீகமான வேலூர்ப் பக்கத்து வழக்குதான். பெற்றவர்களே மகளை அடைத்து வைத்திருந்தார்கள், தோழி மனுப் போட்டு மீட்டாள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணைத் தன் விருப்பப்படி போகவிட்டதோடு, குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் எழுதினார்கள். அதற்கு முன் 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், இந்த விஷயம் தனக்கே புரியவில்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். நீதிபதிக்கே டியூஷன் வேண்டியிருந்த பாடத்தில் என் அக்கா இவ்வளவு தூரம் தேறியதே பெரிய காரியம்.

ஆனாலும் ஊருக்குத் தள்ளி என்ற பேச்சு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சட்டப்படி இந்தக் கல்யாணத்துக்கு இங்கே பதிவு கிடையாது. ஒரே பால் கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டு உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் முதல் மனுதாரர்களின் கதையே ஒரு ரிசார்ட்டில்தான் தொடங்குகிறது. 2021 டிசம்பரில் ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் சுப்ரியோ சக்ரவர்த்தியும் அபய் டாங்கும் மெஹந்தி, ஹல்தி எல்லாம் வைத்து, மோதிரம் மாற்றி, விருந்து போட்டார்கள். பெற்றோரும் நண்பர்களும் வந்து வாழ்த்தினார்கள். அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 அக்டோபர் 17ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கல்யாணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து. கல்யாணம் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்வதற்காவது சட்ட அங்கீகாரம் கொடுக்கலாம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் சொன்னார்கள், மற்ற மூவரும் மறுத்தார்கள். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. ஒரே பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி 2018இல் போனதால் ஜெயில் பயம் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கலாம், ஒருவர் மற்றவரை நாமினியாகப் போடலாம் என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. முதலில் பேங்க், அப்புறம் பியூட்டி பார்லர் என்று இவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பதிவு இருக்கிற கல்யாணத்துக்கு ஆள் வராவிட்டாலும் கல்யாணம் செல்லும். ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. இன்னார் இன்னாரோடு வாழ்கிறார் என்று நாளைக்குச் சொல்லப் போவது அன்றைக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள்தான். ஆஸ்பத்திரி வாசலில், வீட்டு ஓனரிடம், சாவு வீட்டில். பெங்களூர் ஆபீஸ் நண்பர்களை மட்டும் அழைத்து, கேட்டைச் சாத்திக்கொண்டு கொண்டாடினால் அது அருமையான பார்ட்டியாக இருக்கும். ஆனால் கேஜிஎஃபில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்ததாக ஆகாது. அக்காவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் சொன்ன பதில்: "சித்தி, ஊர்ல வச்சா, யாரு என்ன சொல்லுவாங்கன்னு மூஞ்சி மூஞ்சியா பார்த்துக்கினே ஸ்டேஜ்ல நிக்கணும். அங்க வச்சா சிரிச்சிக்கினு நிக்கலாம். ஒரு நாள் சிரிச்சிக்கினு நிக்கக் கூடாதா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

கேட் இருந்தாலே நிம்மதி என்றும் சொல்லிவிட முடியாது. நாங்கள் விசாரித்த ஓர் இடத்தில் புக்கிங் பாரத்தில் மாப்பிள்ளை பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போக மறுத்தது. போனில் பேசிய பையன் பாவம், "மேடம், யாராவது ஒருத்தரை மாப்பிள்ளைன்னு போட்டுக்கலாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். ஜப்பானிலும் இதே கதைதான். 2012இல் ஹிகாஷி கோயுகி என்ற பெண் தோக்கியோ டிஸ்னியில் தன் தோழி மசுஹாரா ஹிரோகோவைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டபோது, தாராளமாக, ஆனால் ஒருவர் ஆண் மாதிரி உடுத்திக்கொள்ள வேண்டும் என்றார்களாம். பிறகு மேலிடத்தில் கேட்டுவிட்டு, எப்படி வேண்டுமானாலும் உடுத்தலாம் என்று திருத்திச் சொன்னார்கள். 2013 மார்ச்சில் தோக்கியோ டிஸ்னிசீயில் இரண்டு பேரும் வெள்ளை கவுனில் நின்றார்கள், மிக்கியும் மின்னியும் வந்து நின்றார்கள். ஜப்பான் சட்டம் அதைக் கல்யாணமாக ஏற்கவில்லை. எலி ஏற்றுக்கொண்டது. அமெரிக்க டிஸ்னியுமே 2007 வரை தன் கல்யாணத் திட்டத்தில் ஒரே பால் ஜோடிகளைச் சேர்க்கவில்லை.

சட்டம் ஏற்காத கல்யாணம் என்பது தமிழனுக்குப் புதுசா என்ன? அதிலும் தங்கவயல்காரர்களுக்கு? அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இந்த ஊரிலிருந்துதான் வெளிவந்தது. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம் என்று சுரங்கத் தொழிலாளி தன் வீட்டுக் கல்யாணத்தைத் தானே நடத்திக்கொண்ட ஊர் இது. தமிழ்நாட்டில் 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்தார். அதற்குப் பின் எத்தனையோ ஆயிரம் பேர் அப்படிக் கட்டிக்கொண்டார்கள். 1950களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு கல்யாணத்தைச் செல்லாது என்றது. அதற்காக யாரும் புருஷனையோ பெண்டாட்டியையோ விட்டுவிட்டுப் போய்விடவில்லை. சோறாக்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தபோது, முன்னால் நடந்தவற்றுக்கும் சேர்த்துச் செல்லும் என்றார்கள். முதல் ஜோடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது வருஷம். அந்த நாற்பது வருஷமும் அவர்களைக் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டிருந்தது, மேடைக்கு எதிரே உட்கார்ந்து சொற்பொழிவு கேட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போன ஜனம்தான். அந்த 7-ஏ கர்நாடகத்தில் இருக்கிற எங்களுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் அது ஆணும் பெண்ணும் என்றே பேசுகிறது.

இதெல்லாம் எனக்குத் தோன்றிய நியாயம். அக்காவை அசைத்தது வேறு. இரண்டு வீடு தள்ளியிருக்கிற அத்தை ஒரு நாள் காலையில் வந்து, காபியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டது: "எல்லாம் எனக்குத் தெரியும்மே. பொண்ணு பொண்ணைக் கட்டுதோ, யாரைக் கட்டுதோ. எம் புள்ள கல்யாணத்துல நீ ரெண்டாயிரத்து ஒண்ணு எழுதியிருக்கே. அதை நான் எங்க கொண்டு போய் எழுதறது? கடங்காரியா சாவணுமா?"

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. அப்புறம் உள்ளே போய்ப் பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்து வந்தாள். மைன்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து அவள் எழுதிய மொய்யெல்லாம் அதில் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு, சம்பளமே இல்லாத மாதங்களில்கூட ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று எழுதியிருக்கிறாள். ஆண்டர்சன்பேட்டை, உரிகம், கோரமண்டல், பங்காரப்பேட்டை என்று ஊர் வாரியாக. இத்தனை வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டு விசேஷத்தை ஊருக்குத் தள்ளி வைப்பது அக்கா மாதிரிக் கணக்கு பார்க்கிற பொம்பளைக்கு ஆகிற காரியமா?

அதனால் ராட்டினம் அப்படியே இருக்கிறது, தேதியும் மாறவில்லை. லைன் ஜனத்தைப் பஸ் வைத்து அங்கே கூட்டிப் போவதென்று முடிவாயிற்று. இங்கிருந்து பெங்களூர் நூறு கிலோமீட்டர், பிடதி அதற்கும் அந்தப்பக்கம் ஒரு முப்பது. தூரம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. மைன்ஸ் மூடியதிலிருந்து விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்பி வருகிற ஊர் இது. முதலில் ஒரு பஸ் என்றாள் அக்கா. மொய் நோட்டைப் புரட்டப் புரட்ட இரண்டாயிற்று. வர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. வேற்றாள் இல்லை, நெருங்கின சொந்தம். அவர்களை இரண்டாம் முறை கேட்க வேண்டாமென்று பெண்ணே சொல்லிவிட்டாள்.

கார்டில் அன்பளிப்பு தவிர்க்கவும் என்று போட வேண்டும் என்று பெங்களூர்க்காரிகள் இரண்டு பேரும் நின்றார்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. புது நோட்டுப் போட்டு, முதல் பக்கத்தில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதி, அதன் கீழே மொய் வரட்டும். அப்போதுதான் எழுதிய வீட்டில் எல்லாம் நாளைக்கு விசேஷம் வரும்போது இரண்டு பேரையும் சேர்த்து அழைத்தே ஆக வேண்டும், இவர்களும் சேர்ந்து போய்த் திருப்பி எழுதியே ஆக வேண்டும். பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டும். ரிசார்ட்டில் மொய் மேசை போட இடம் கொடுப்பார்களா என்று கேட்டதற்கு, அங்கிருந்தவர் கிஃப்ட் கவுன்டர் என்று எழுதிக்கொண்டார். எழுதுவதற்கும் ஆள் பார்த்தாயிற்று. மைன்ஸ் டைம் ஆபீசில் இருந்த மாமா, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேனாவும் ஜன்னல் சீட்டும் கொடுத்தால் வருகிறேன் என்றிருக்கிறார்.