ஒழுகும் தட்டுக்கூரைகளை மாற்றும் செலவு: கிழக்கேகோட்டை வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள் கோரிக்கை மனு

பெறுநர்:
முதன்மைச் செயலாளர், உள்ளாட்சித் துறை, தலைமைச் செயலகம், திருவனந்தபுரம்
மாவட்ட ஆட்சியர், குடப்பனக்குன்னு, திருவனந்தபுரம்
செயலாளர், திருவனந்தபுரம் மாநகராட்சி

அனுப்புநர்:
கிழக்கேகோட்டை, சாலைக் கம்போளம், கோட்டைக்குள் உள்ள அக்ரகாரத் தெருக்கள் ஆகிய இடங்களில் வீடும் கடையும் உள்ளவர்களின் சங்கம்

பொருள்: பழுதான கான்கிரீட் தட்டுக்கூரைகளை மாற்றுதல் – அனுமதி, இடிபாடு அகற்றல், உதவித்தொகை – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே பெறலாம் என்பது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தரும் உரிமை. அதன்படி இம்மனுவைத் தமிழில் சமர்ப்பிக்கிறோம்.

திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் சாலைக் கம்போளம் எழுந்தது. அதையும் பத்மநாபசுவாமி கோயிலையும் சுற்றிக் குடியேறிய எங்கள் முன்னோர் வாழ்ந்தவை ஓட்டு வீடுகள். 1970களுக்குப் பிறகு ஓட்டை இறக்கிவிட்டு வார்ப்பு போடுவது வழக்கமாயிற்று. வளைகுடாப் பணம் வந்த வீடுகளில் அது கௌரவமாகவும் ஆனது. மழை அரிதான நாட்டில் உழைத்துச் சேர்த்த காசில், மழை நாட்டில் அந்த ஊர்த் தட்டுக்கூரையைக் கட்டிக்கொண்டோம் என்றுகூடச் சொல்லலாம். நம் நாட்டுப் பாலைவன ஊரையே எடுத்துக்கொண்டால், ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஆண்டு மழை சுமார் 200 மி.மீ. திருவனந்தபுரத்தில் சுமார் 1,800 மி.மீ. 60 சதுர மீட்டர் தட்டு என்றால் அங்கே ஆண்டுக்கு 12,000 லிட்டர் விழும், இங்கே 1,08,000 லிட்டர். அதுவும் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் ஒரு முறை, துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழையில் மறுமுறை. பாலைவனத்திலும் இந்தக் கூரைக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி ஐக்கிய அரபு அமீரகத்தில், அல் ஐன் பகுதியில், 24 மணி நேரத்துக்குள் 254 மி.மீ. கொட்டியபோது வளைகுடா எங்கும் அதுவே பேச்சாக இருந்ததை எங்கள் உறுப்பினர் பலர் நேரில் அறிவர்.

கூரை எப்படிக் கெடுகிறது என்பதை உங்கள் பொறியாளர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஆனால் கோப்பில் படிப்பதும் கீழே நின்று பார்ப்பதும் ஒன்றல்ல. கம்போளத்தில் ஒரு மளிகைக் கடை. வற்றல் மிளகாய் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை போட்டு அதன்மேல் அடுக்கியிருக்கிறார்கள். மூட்டைகளுக்கு மேல் நீலத் தார்பாய். தார்பாயின் நடுவே தண்ணீர் தேங்கித் தொங்கும்போது கடைப்பையன் துடைப்பக் கட்டையால் அதைத் தூக்கி வாசல் பக்கம் வழியவிடுகிறான். அண்ணாந்து பார்த்தால் பூச்சு ஒரு முறம் அளவுக்கு உதிர்ந்து, கம்பி செதில் செதிலாக உப்பி நிற்கிறது. துருவேறிய கம்பி பெருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தானே பிளக்கும். சங்குமுகம் கடற்கரைப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று வேலையை இன்னும் விரைவாக முடித்துவைக்கிறது. இந்த நிலைக்கு வந்த தட்டுக்கு மேலே ரசாயனப் பூச்சு அடிப்பது காசைக் கரைப்பதுதான். மேலே ட்ரஸ் அடித்து ஷீட் போடுவது மழைக்குக் குடை, அவ்வளவே. அடியில் துரு நிற்காது. இந்தத் தட்டுகளை உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாக வார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செலவு என்றதும் எல்லோரும் சிமென்ட், கம்பி விலையைத்தான் கேட்கிறார்கள். 60 சதுர மீட்டரில் 10 செ.மீ. தடிமன் தட்டுக்கு ஏறத்தாழ 50 மூட்டை சிமென்டும் அரை டன் கம்பியும் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரவேற்கிறோம். மூட்டைக்கு 30 ரூபாய் இறங்கியது என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு கூரைக்கு மிச்சம் 1,500 ரூபாய். அந்தக் காசு இடிபாட்டை ஏற்றிப்போகும் ஒரு வண்டிக்குப் போதாது. எங்கள் பகுதியில் செலவை ஏற்றுவது பொருள் அல்ல. இடம், காலம், காகிதம் ஆகிய மூன்றும்தான்.

இடத்திலிருந்து தொடங்குகிறோம். மேற்சொன்ன தட்டை உடைத்தால் 15 டன் இடிபாடு, மேலே போட்ட சுருக்கியும் தரை ஓடும் தனிக்கணக்கு. லாரி நுழையாத சந்தில் அத்தனையும் சட்டியில் சட்டியாகத் தலைச்சுமையாக வெளியேற வேண்டும். 15 டன் சுமப்பவர் கூலி கேட்பதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. 2018 மே 1 முதல் நோக்குகூலியை (சுமக்காமல் பார்த்து நின்றதற்கே கேட்கும் கூலியை) அரசு ஒழித்ததற்கு நன்றியும் சொல்கிறோம். எங்களுக்கு வேண்டியது முன்கூட்டித் தெரிகிற விகிதம். இடிபாட்டுக்குச் சட்டிக் கணக்கிலோ வண்டிக் கணக்கிலோ சுமைக்கூலி நிர்ணயித்து, தமிழிலும் மலையாளத்திலும் வார்டு அலுவலகத்தில் ஒட்ட ஆவன செய்யுமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம்.

சுமந்து வந்ததைக் கொட்ட இடமும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் கட்டுமானக் கழிவு மேலாண்மை விதிகள் சிறு அளவில் கழிவு உண்டாக்குவோருக்கு வசதி செய்துதரும் பொறுப்பை உள்ளாட்சியிடமே வைத்தன. மாநகராட்சியால் முடியாது என்று நாங்கள் நம்பத் தயாரில்லை. ஆற்றுகால் பொங்கலை முடிந்த இரவே, லட்சக்கணக்கான அடுப்புகளின் செங்கல்லை வாரித் தெருவைக் கழுவிக் கொடுப்பதை ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிறோம். அந்தச் செங்கல் ஏழைகளின் வீடு கட்டப் போகிறது என்பதில் எங்களுக்கும் பெருமை. அந்தத் துப்புரவுப் படையில் பத்தில் ஒரு பங்கு போதும். கிழக்கேகோட்டைக்கு அருகே ஓர் இடத்தை ஜனவரி முதல் ஏப்ரல் வரை இடிபாடு சேர்க்கும் இடமாக அறிவித்து, இரவில் எடுத்துச் செல்லும் வண்டிக்குக் கட்டணத்தையும் நிர்ணயிக்க வேண்டுகிறோம்.

அடுத்தது காலம். இம்மனுவின் உயிர் இதில்தான் இருக்கிறது. துலா மழை ஓய்ந்து, கோடை இடி தொடங்குவதற்குள் எங்களுக்குக் கிடைப்பது மார்கழி பாதியிலிருந்து பங்குனி வரை. அதற்குள் உடைத்து, சென்ட்ரிங் கட்டி, வார்த்து, நனைத்து, முட்டு எடுத்தாக வேண்டும். நடுவே மாசியில் பொங்கலை, பங்குனியில் பத்மநாபசுவாமி உற்சவம், ஆறாட்டு. அந்நாட்களில் எங்கள் தெருக்களில் வண்டி நுழையாது, நுழையவும் கூடாது. ஆக அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போனால் வேலை ஒரு மாதம் தள்ளிப்போவதில்லை, ஓர் ஆண்டு தள்ளிப்போகிறது. பாதி உடைத்த நிலையில் இடவப்பாதி பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். நீளவாக்கில் ஒட்டிக் கட்டிய அக்ரகார வீடுகளுக்குச் சுவர் பொது. ஒரு வீட்டின் திறந்த கூரையில் இறங்கும் தண்ணீர் இருபுறத்து வீட்டுக்காரர்களின் சுவரையும் ஊறவைக்கும். அந்த நஷ்டமும் சண்டையும் எந்த மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை.

மூன்றாவது காகிதம், அதாவது அனுமதி. காலம் இப்படி இருப்பதால் கூரை மாற்றும் விண்ணப்பங்களுக்கு மழையை ஒட்டிய நாட்காட்டி வேண்டும். அக்டோபர் இறுதிக்குள் தரப்பட்டவை அனைத்துக்கும் டிசம்பர் 15க்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். சரிவுக்கூரையின் சில்லறைப் பழுதுகளுக்கு அனுமதி வேண்டாம் என்று கட்டிட விதிகளிலேயே இருக்கிறது. தட்டுக்கூரைக்கும் அதன் தன்மைக்கேற்ற சலுகை கேட்கிறோம். இருக்கும் சுவரின் மேல், அதே அளவில், அதே உயரத்தில் தட்டை மாற்றுவதற்கு, உரிமம் பெற்ற பொறியாளரின் சான்று போதும் என்றாக வேண்டும். 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள கே-ஸ்மார்ட் இணையத் தளத்தில் இதைத் தனி வகையாகச் சேர்த்து, அப்பக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். 2023இல் உயர்ந்த அனுமதிக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 60 சதவீதம் வரை குறைந்தது புதுவீடு கட்டுவோருக்கு ஆறுதல். பழைய பரப்பையே காப்பாற்றிக்கொள்ளும் எங்களிடம் புதுப் பரப்புக்கான கட்டணம் கேட்கலாகாது.

கோட்டைக்குள் பாரம்பரியப் பகுதிக் கட்டுப்பாடு இருக்கிறது. 2011இல் கோயில் நிலவறைகள் திறக்கப்பட்ட பின் பாதுகாப்புக் கட்டுப்பாடும் கூடியிருக்கிறது. இரண்டையும் நாங்கள் எதிர்க்கவில்லை. கோயிலின் காவலில் எங்களைவிட அக்கறை யாருக்கு இருக்கும்? ஒரே கூரைக்குப் பல வாசல்கள் ஏறி இறங்காமல், ஒரே கோப்பில், ஒரே நாளில் கூட்டுப் பார்வையிடல் நடத்தித் தர வேண்டும் என்பதே வேண்டுகோள். முகப்பை மாற்றாமல், தெருவிலிருந்து பார்க்கும்போது பழைய ஓட்டுச் சரிவாகவே தெரியும்படி கூரை போட முன்வருவோருக்கு, ஓட்டு விலையில் ஒரு பங்கு மானியம் தரலாம். பாரம்பரியம் காக்கும் செலவை முழுக்கக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது நியாயமல்ல.

கம்போளத்தில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள். கூரை ஒழுகுகிறது என்று வாய் திறக்கவே அஞ்சுகிறார்கள். 1965ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மறுகட்டுமானத்துக்காகக் காலிசெய்ய வழிவிடுகிறது, கட்டியபின் பழைய வாடகைக்காரருக்கே முன்னுரிமை என்றும் சொல்கிறது. ஆனால் கடை கைவிட்டுப் போனபின் அந்த முன்னுரிமைக்காக வழக்காடுவது சிறு வியாபாரிக்கு ஆகிற காரியமல்ல. கூரை மாற்றுவது பழுதுபார்ப்பே, மறுகட்டுமானம் அல்ல என்று அரசு தெளிவுபடுத்தினால், கட்டிட உடையவரும் வாடகைக்காரரும் செலவைப் பங்கிட்டுக்கொள்ள முன்வருவார்கள். எங்கள் சங்கத்தில் இரு தரப்பாரும் இருக்கிறார்கள், இந்த வாசகத்தில் இரு தரப்பும் உடன்பட்டிருக்கிறது.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, அக்ரகார வீடுகளைப் புதுக்க முன்னேறிய சமுதாய நலக் கழகத்தின் பவன சமுன்னதித் திட்டம் உள்ளது. அதில் வராத நாடார், செட்டியார், முஸ்லிம் குடும்பங்களும் இதே சந்தில், இதே பொதுச்சுவருக்கு அப்பால்தான் இருக்கிறார்கள். மாநகராட்சியின் வீட்டுப் பராமரிப்பு நிதியில் அவர்களுக்கும் இடம் வேண்டும். எந்தத் திட்டமானாலும் மதிப்பீட்டில் உடைப்புக்கூலி, இடிபாட்டுச் செலவு, மூன்று மாத மாற்று வாடகை ஆகியவை சேர வேண்டும். எஞ்சிய தொகைக்குக் கேரள வங்கி வழியாகக் குறைந்த வட்டிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். முறை வரும்வரை காத்திருப்போர் தற்காலிகமாகப் போடும், பக்கம் திறந்த ஷீட் கூரைக்கு வரி விதிக்கலாகாது.

எந்தத் தட்டு முதலில் என்பதை நாங்கள் தீர்மானித்தால் பாரபட்சம் என்பார்கள். திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியின் துணையோடு தெருத் தெருவாக ஆய்வு நடத்தி, ஆபத்தான தட்டுகளின் பட்டியலை மாநகராட்சியே தயாரிக்கட்டும். வீடு திறந்து காட்டவும், ஆய்வுக் குழுவினருக்கு ஏணியும் ஆளும் தரவும் எங்கள் உறுப்பினர்கள் பொறுப்பேற்கிறார்கள்.

வரும் மழைக்காலத்துக்கு முன் மூன்று அலுவலகத்தாரும் சேர்ந்து அமரும் ஒரு கூட்டத்துக்கு எங்களை அழைத்து, நாளையும் நேரத்தையும் தமிழில் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்