வானலையும் கடைமடையும்

"கோபுரம் வந்துவிட்டது, இனிக் குறையொன்றும் இல்லை" என மொழிவாரை யாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். முசலிப் பிரதேசத்திலே, சிலாவத்துறையிலிருந்து மறிச்சுக்கட்டி நோக்கிச் செல்லும் பெருந்தெருவிற் போவார், மரங்களுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் இரும்புக் கோபுரங்களைக் காண்பர். கையிலுள்ள தொலைபேசியை நோக்கின், சிக்னற் கோடுகளும் நிறைந்திருக்கும். ஆயினும் மாலை ஏழு மணிக்குப் பின்னர் மாணவன் ஒருவன் தன் ஆசிரியர் அனுப்பிய பாடக் காணொளியைத் திறப்பானாயின், திரையில் வட்டமொன்று சுழன்றுகொண்டே இருக்கும். ஊர் உறங்கிய பின், பதினொரு மணியளவில், அதே காணொளி தங்குதடையின்றி ஓடும். கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்கின்றது, கோடுகளும் குறையவில்லை. மாறியது யாது?

"சேர், கோடு நாலும் நிக்குது, பாடம் மட்டும் ஏன் வருதில்லை?" என்று எம் வகுப்பு மாணவி ஒருத்தி வினவியபோது எமக்கு விடை தெரியவில்லை. யாம் தமிழ் கற்பிப்போம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழன்றி விஞ்ஞானப் பட்டம் எதுவும் எம்பால் இல்லை. ஆயினும் மாணவர் கேட்ட வினாவுக்கு விடை தேடாது விடுதல் ஆசிரியர்க்கு அழகன்று என நம் கல்லூரியிலே நமக்குக் கற்பித்தோர் வாழ்ந்து காட்டியுள்ளனர். ஆதலின் நூல்களைப் படித்தும், இக்கல்லூரியிற் பயின்று பொறியியலாளராய் விளங்கும் நண்பர் ஒருவரைக் கேட்டும் யாம் அறிந்தவற்றையும், அவற்றால் எமக்குத் தோன்றிய கருத்தினையும் இவ்விழா மலரில் வைக்கின்றோம்.

முதற்கண் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். திரையிலுள்ள கோடு காட்டுவது கோபுரத்தின் குரல் நம் செவிக்கு எத்துணை உரத்துக் கேட்கின்றது என்பதை மட்டுமே. நமக்குப் பேசும் முறை எப்போது வரும் என்பதை அது காட்டாது. கோபுரம் ஒன்று, அதன் அலைவரிசையும் அளவுபட்டது, அதனைப் பகிர்ந்துகொள்வோரோ பலர். கோபுரத்திலிருந்து நம்மை நோக்கி வருவதில் இடர் சிறிது, பேசுபவர் ஒருவரே. நம்மிடமிருந்து கோபுரத்துக்குச் செல்வதிலேதான் சிக்கல் உண்டு. கொண்டச்சியிலுள்ளவரின் தொலைபேசிக்கு, அரிப்பிலுள்ளவரின் தொலைபேசி பேசிக்கொண்டிருப்பது கேளாது. இருவரும் ஒரே அலைவரிசையில் ஒரே கணத்திற் பேசினால் கோபுரத்தின் செவியில் இரண்டும் கலந்து பாழாகும்.

இச்சிக்கலை முதன்முதல் நேரே எதிர்கொண்டோர், எம்மைப் போன்று கடல் சூழ்ந்த நிலத்தோரே என்பது சுவையான செய்தி. 1971 ஆம் ஆண்டிலே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்பாரும் அவர்தம் குழுவினரும், தீவுகளிடையே கணினிகளை வானலையால் இணைத்தனர். அத்தீவினர் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல்லாகிய 'அலோஹா' என்பதையே அதற்குப் பெயராக இட்டனர். விதி மிக எளிது: பேச வேண்டியவர் பேசுக, மோதிக் கெட்டால், சிறிது நேரம் பொறுத்து மீண்டும் பேசுக. இம்முறையிற் பயனுறும் நேரம், மிகுந்தால், நூற்றுக்கு 18 பங்கே எனக் கணக்கிட்டுக் கண்டனர். மறு ஆண்டில் லோரன்ஸ் றொபேட்ஸ் என்பார், நேரத்தைச் சம கூறுகளாக வகுத்துக் கூறு தொடங்கும்போது மட்டுமே வாய் திறக்கலாம் என விதித்தார். பயன் இரு மடங்காகி 36 பங்கைத் தாண்டிற்று. எனினும் மூன்றில் இரு பங்கு வீணே போயிற்று. கட்டுப்பாடற்ற சபையில் எல்லாரும் நல்லவராயிருந்தும் ஒன்றும் நடவாமை போலும் இது.

ஆதலாற் சபைக்குத் தலைவர் ஒருவர் வேண்டியதாயிற்று. கைத்தொலைபேசி வலைகளில் அத்தலைமையைக் கோபுரமே ஏற்றது. ஜிபிஆர்எஸ் எனப்பட்ட முறையில் ஓர் அலைவரிசையின் நேரம் எட்டுக் கூறுகளாகச் சுழலும். அக்கூறுகளுள் ஒன்றைப் பலர் பகிர்வதற்காகக் கோபுரம் 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை சிறு கொடி ஒன்றைக் காட்டும். கொடியில் எவருடைய எண் உளதோ அவர் அடுத்த முறைக்குப் பேசுவார், ஏனையோர் வாளாவிருப்பர். இன்றைய 4ஜி முறையிலோ இத்தீர்ப்பு ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் வழங்கப்படுகின்றது. 20 மெகாஹேட்ஸ் அகலமுள்ள அலைவரிசை 100 துண்டுகளாக வகுக்கப்பட்டு, எத்துண்டு எவர்க்கு என்பதைக் கோபுரத்தின் கணினி அறிவிக்கின்றது. கோபுரத்தை முதன்முதல் அழைத்து "யான் இங்கிருக்கின்றேன்" என்று சொல்லும் அவ்வொரு கணத்தில் மட்டும் பழைய அலோஹா இன்னும் உயிர்வாழ்கின்றது. அதற்கென 64 அடையாளக் குரல்கள் உள. இருவர் ஒன்றையே தேர்ந்தால் மோதி, காத்திருந்து, மீண்டும் அழைப்பர்.

இதுவரை கூறியது இயந்திரத்தின் திறம். இனி வருவதே எம் கருத்துக்கு உயிரானது. தலைவர் எவருக்கு முறை கொடுப்பார்?

ஒவ்வொரு தொலைபேசியும் கோபுரத்தின் குரல் தனக்கு எத்துணைத் தெளிவாகக் கேட்கின்றது என 1 முதல் 15 வரையுள்ள ஒரு படியால் ஓயாது அறிவித்துக்கொண்டே இருக்கும். அருகிலிருப்பவருக்கு விரைந்து பேசலாம். தொலைவிலிருப்பவருக்கு, முதுசெவியர்க்குக் கூறுவார் போல, மெல்லப் பேசி ஒன்றையே பலவாறு காத்து அனுப்பல் வேண்டும். 4ஜி தோன்றியபோது வகுத்த அட்டவணையின்படி, கடைப்படிக்கும் தலைப்படிக்கும் உள்ள வேறுபாடு 36 மடங்குக்கு மேல். அதாவது, ஒரே துண்டு அலையில் கோபுரத்தடி வீட்டார் பெறுவதில் முப்பத்தாறில் ஒரு பங்கையே காட்டோர வீட்டார் பெறுதலும் கூடும்.

எண்களால் விளக்குவாம். கோபுரத்தடியிலுள்ள மாணவன் தனித்திருப்பின் செக்கனுக்கு 20 மெகாபிட் பெறுவான். தொலைவிலுள்ள மாணவி தனித்திருப்பின் 2 மெகாபிட் பெறுவாள் எனக் கொள்க. இருவரும் ஒருங்கே கேட்கும்போது நேரத்தைப் பாதி பாதியாகப் பகிர்ந்தால் அவனுக்கு 10, அவளுக்கு 1, கூட்டுத்தொகை 11. விரைந்து பெறுவோனுக்கே எல்லாம் கொடுத்தால் அவனுக்கு 20, அவளுக்கு ஒன்றுமில்லை. கோபுரமோ மிகத் திறமையாக வேலை செய்ததென ஏட்டில் எழுதப்படும். இருவர்க்கும் சம அளவு கிடைக்கவேண்டுமெனின், நேரத்தில் பதினொன்றிற் பத்துப் பங்கை அவளுக்கு ஈதல் வேண்டும்; அப்போது ஒவ்வொருவருக்கும் 1.8 அளவே, கூட்டுத்தொகை 4 ஐயும் எட்டாது. எவ்விதி நீதி?

அகத்திமுறிப்புக் குளத்தின் கீழ்க் கமஞ்செய்வார்க்கு இவ்வினா புதிதன்று. போகத் தொடக்கத்திற் கூட்டங்கூடி, எத்துணை ஏக்கர் விதைப்பது, எவ்வாய்க்காலுக்கு எந்நாள் நீர் என்று முடிவு செய்வது இந்நாட்டுக் குளங்களின் கீழ் வழங்கும் மரபு. வாய்க்கால் தலைப்பிலுள்ள வயலுக்கும் கடைமடைக்கும் மணிக்கணக்கைச் சமமாக வைத்தால் நீர் சமமாகாது; வழியில் மண் குடிப்பதுபோக எஞ்சியதே கடைமடையைச் சேரும். இதனை அறிந்த கமக்காரர் கடைமடைக்கு நேரங்கூட்டிக் கொடுக்க வாதாடுவர், தலைப்பிலுள்ளோர் மறுப்பர், சிலவேளை கைகலப்பும் நேரும். எனினும் வாதம் பலர் முன்னிலையில் நடக்கின்றது. கோபுரத்தின் முறையை வகுத்த கூட்டம் எங்கே கூடிற்று? எம்மூரார் எவரேனும் அதிற் சென்று அமர்ந்தனரோ?

நண்பர் கூறுவார்: பெரும்பாலான கோபுரங்களிற் கையாளப்படுவது, ஒவ்வொருவருடைய இப்போதைய விரைவையும் அவர் இதுவரை பெற்றதன் சராசரியையும் ஒப்பிட்டு, சராசரிக்கு மேலாக நற்கணம் வாய்த்தவருக்கு முறை தரும் விதியாகும். இது எவரையும் முற்றாகப் பட்டினி போடாது; நீண்ட காலத்தில் ஏறத்தாழ நேரத்தைச் சமமாகப் பகிர்வதனை ஒக்கும். நன்று. ஆயின் நேரம் சமமாதல் கடைமடைக்கு நீர் சமமாதல் அன்று என்பதனை மேலே கண்டோம். விதியின் நிறைகளைக் கூட்டவும் குறைக்கவும் நிறுவனத்தாரால் இயலும். தொலைபேசி உரையாடல் தடைப்படாதிருக்க அதற்கு முதன்மை கொடுக்கும் ஏற்பாடு 4ஜி யிலேயே உளது. ஆகவே கருவி இல்லை என எவரும் கூறற்கிடமில்லை.

வானலை எவருடையது? இலங்கையில் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டமும், அதனை 1996 இல் திருத்திய 27 ஆம் இலக்கச் சட்டமும், அலைவரிசைகளை வகுத்து வழங்கும் பொறுப்பைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் வைத்துள்ளன. வானலை பொதுச்சொத்து என இந்திய உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்தைக் கட்டணத்துக்கு வாங்கியவர், அதனைப் பகிரும் முறையை மறைவாக வைத்துக்கொள்ளல் எங்ஙனம் பொருந்தும்?

முசலிக் கடல் இதற்கொரு பழைய சான்று தரும். முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகை அரிப்புக் கரையில் இடிந்து கடலுள் வீழ்ந்துகொண்டிருக்கின்றது. அவர் அங்கு வந்திருந்தது முத்துக்குளிப்பின் பொருட்டு. சிப்பிப் படுக்கைகளைப் பார்வையிட்டு, எப்படுக்கையில் எத்தனை தோணி, எத்தனை நாள் என வரையறுத்த பின்னரே குளிப்பு நடைபெறும். குறித்த வேளைக்குத் துப்பாக்கி வெடிக்குமுன் தோணி புறப்படல் ஆகாது. அரசு பெரும்பங்கைக் கொண்டது உண்மையே. எனினும் முறை யாது என்பது கரையில் நின்ற கடைசிக் குளியாளுக்கும் தெரிந்திருந்தது. 1906 இல் அப்படுக்கைகள் 20 ஆண்டுக் குத்தகையாகக் கம்பனியொன்றுக்குக் கொடுக்கப்பட்டன; சில ஆண்டுகளுள் முத்துமின்றிக் கம்பனியும் இன்றி முடிந்தது. வானலை சிப்பியைப் போன்று அருகுவதன்று. ஆயின் வீணாகிய மில்லிசெக்கன் மீண்டு வாராது. அவ்வகையில் முத்தினும் அரியது.

எமது வேண்டுகோள் இதுவே. எத்தனை கோபுரம் நட்டோம், எவ்வூர் வரைபடத்தில் நிறந்தீட்டினோம் என்று மட்டும் அறிக்கை வெளியிடுதல் போதாது. மாலை 7 மணி முதல் 9 மணி வரை, ஊரின் கடைசி வீட்டில், உண்மையிற் பெறப்படும் விரைவு எவ்வளவு என ஆணைக்குழு அளந்து, ஊர் ஊராக வெளியிடல் வேண்டும். அவ்வளவு ஒரு வரம்புக்குக் கீழ் வீழுமிடத்து, நிறுவனத்தார் கடைமடைக்கு நிறைகூட்டியோ அலைவரிசை கூட்டியோ அதனை உயர்த்தக் கடமைப்படல் வேண்டும்.

பாடத்துக்கென முதன்மை கொடுத்தால் என்ன என்று சிலர் வினவுவர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம்; பின்னர் மாற்றிக்கொண்டோம். எது பாடம், எது பாடமன்று என்பதை நிறுவனத்தார் தீர்மானிக்க விட்டால், நாளை எது செய்தி, எது வதந்தி என்பதையும் அவரே தீர்மானிப்பர். தவிரவும், 1990 இல் வெளியேற்றப்பட்டு 2009 க்குப் பின் படிப்படியாக மீண்ட எம்மூர் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் இன்றும் புத்தளத்தில் வாழ்கின்றனர். அங்குள்ள மூதாட்டியின் முகத்தைப் பேரப்பிள்ளை திரையிற் காண்பது பாடத்தினும் இழிந்ததென எவ்வளவுகோலால் அளப்பது? ஆதலின் பொருள் நோக்கி நிறை வைத்தல் வேண்டா. இடம் நோக்கி வைத்தலே தகும்.

பிறரைக் கேட்குமுன் ஆசிரியராகிய எம் பிழையையும் கூறல் முறை. 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, யாவரும் சூம் வகுப்பு, வட்ஸ்அப் காணொளி என விரைந்தோம். ஊவா மலைநாட்டு மாணவர் சிக்னல் தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய படங்கள் உலகெங்கும் வந்தன. அக்காலத்தில் யாம் 100 மெகாபைட் காணொளியை 40 மாணவர்க்கு அனுப்பினோம். ஒரே பாடத்தைக் கோபுரம் நாற்பது முறை தனித்தனியே ஒலித்தது. செக்கனுக்கு 10 மெகாபிட் விரைவில், வேறெவரும் குறுக்கிடாதபோதும், அதற்கு ஏறத்தாழ 53 நிமிடம் ஆகும். ஒரு முறை மட்டும் அனுப்பின் 80 செக்கன். அதே ஆண்டில் தொலைக்காட்சியில் 'குருகுலம்' நிகழ்ச்சி ஓடியது. அதனைப் பதினாயிரவர் பார்ப்பினும் வானலைக்குச் சுமை ஒன்றே. பலர்க்கு ஒருங்கே ஒலிபரப்பும் ஏற்பாடு 4ஜி யின் விதிநூலிலும் உண்டு. நிறுவனங்கள் அதனை அரிதாகவே கையாள்கின்றன.

அந்த மாணவிக்கு இவ்வளவையும் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். கேட்டு முடித்து, "அப்ப சேர், நீங்களே எங்களுக்குப் போட்டியா அனுப்புறீங்கள்" என்றாள். வகுப்பு நகைத்தது. மறுவாரம் முதல், வெள்ளிக்கிழமை தோறும் பாடக் காணொளிகளைப் பாடசாலைக் கணினியில் ஒருமுறை இறக்கி, மாணவர் கொண்டுவரும் நினைவக அட்டைகளிற் படியெடுத்துக் கொடுக்கின்றோம். இலக்கணக் குறிப்புகளைக் காணொளியாக்காது தட்டெழுத்தாகவே அனுப்புகின்றோம். பக்கமொன்று சில ஆயிரம் பைட்டுக்கு மேற்படாது. அட்டை இல்லாதோர் மூவர் உளர். அவர்க்கு வெள்ளிக்கிழமை மாலைப் பாடசாலைக் கணினியே திறந்திருக்கும். திறப்பு எம்மிடம் உளது.