வண்டியின் பின்கதவு



படுவான்கரையில் அறுவடை தொடங்கிவிட்டால் வண்டிகளுக்கும் ஓய்வில்லை. வவுணதீவிலும் கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் விளைந்த நெல் மூடை மூடையாக வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து சேருகின்றது. ஒரு காலத்தில் தோணியும் மாட்டுவண்டியும் செய்த வேலையை இன்று லொறியும், உழவு இயந்திரப் பெட்டியும், 'பட்டா' வண்டியும், 'கெப்' என்று நாம் அழைக்கும் பிக்கப் வண்டியும் செய்கின்றன.

சென்ற அறுவடைக் காலத்தில் ஒரு நாள் மாலை, அயல்வீட்டு வயற்காரரின் கெப் வண்டி எங்கள் ஒழுங்கையில் நெல்லுடன் நின்றது. பின்கதவு கீழே இறக்கப்பட்டிருந்தது. அதன்மீது மூன்று சிறுவர்கள் காலைத் தொங்கவிட்டபடி அமர்ந்து கதை பேசிக்கொண்டிருந்தனர். மூடை இறக்க வந்த தொழிலாளி ஒருவரும் அதிலே கால்வைத்து ஏறினார். படீரென்று ஓர் ஓசை! ஒரு பக்கத்துக் கம்பிவடம் அறுந்து கதவு சரிந்தது. தொழிலாளிக்கு முழங்கையிற் காயம். சிறுவர்கள் உருண்டு விழுந்தனர். கீழே மணலாக இருந்தமையாற் பெருந்தீங்கு நேரவில்லை.

"பொடியன்கள் ஏறிக் குந்தினதால் வந்த வினை" என்று வண்டிக்காரர் சினந்தார். நான் அறுந்த வடத்தை எடுத்துப் பார்த்தேன். வெளியே கறுத்த பிளாஸ்ரிக் உறை பழுதின்றி இருந்தது. உள்ளே இருந்த உருக்கு இழைகளோ கறள் பிடித்து, விரலாற் தேய்த்தாலே உதிரும் நிலையில் இருந்தன.

குற்றம் பொடியன்களுடையதா, வடத்தினுடையதா? இதே வினாவுக்கு அமெரிக்காவில் ஒருமுறை விடை காணப்பட்டது. 2004 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 40 இலட்சம் பிக்கப் வண்டிகளைத் திருத்துவதற்கென மீள அழைத்தது. அவற்றின் பின்கதவைத் தாங்கும் நாகம் பூசிய உருக்கு வடங்கள் கறளேறி அறுந்துவிடக்கூடும் என்பதே காரணம். இறக்கிய கதவில் அமர்ந்தும் நின்றும் இருந்தவர்களுள் நூற்றுக்கும் அதிகமானோர் சிறுகாயமுற்றிருந்தனர். வண்டிக்காரரிடம் ஒரு சதமும் பெறாது புதிய வடங்கள் பொருத்திக் கொடுக்கப்பட்டன.

அந்த நிறுவனம் இதனைத் தருமமாகச் செய்யவில்லை. 1965 இல் ரால்ப் நாடர் என்பவர் மோட்டார் வண்டிகளின் ஆபத்தான அமைப்பைக் கண்டித்து ஒரு நூலை வெளியிட்டார். மறு ஆண்டிலேயே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. உற்பத்தியிலே நேர்ந்த ஆபத்தான குறையை மறைத்தலாகாது, உரிமையாளருக்கு அறிவித்தல் வேண்டும் என்னும் நெறி அதன் வழியே வேரூன்றியது.

புதுமை பெருகியதால் இக்குறை நீங்கிவிடவுமில்லை. பொத்தானை அழுத்தத் திறக்கும் மின்பூட்டுக் கதவுகள் வந்தன. அவற்றின் மின்கம்பிகளிலோ பொத்தானிலோ நீர் புகுந்தால், எவரும் தொடாமலே பூட்டு விடுபடக்கூடும் என்று கண்டு, 2019 இல் போர்ட் நிறுவனம் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளையும், 2024 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளையும் மீள அழைத்தன. வடமாயினும் மின்பூட்டாயினும் பகைவன் ஒருவனே: நீர்.

அந்த நீரின் நடுவிலேதான் நாம் வாழ்கின்றோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நமது வாவி கடலோடு கலப்பது. அதன் நீரும் காற்றும் உப்புச் சுமந்தவை. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும். உப்புநீர் பட்ட இரும்பு நன்னீர் பட்டதிலும் விரைவாகக் கறளேறும். முறுக்கிய வடத்தின் இழைகளுக்கிடையே புகுந்த ஈரத்தை மேலுறை வெளியேற விடாது. காக்க இட்ட உறையே கேட்டை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

குற்றத்தை வண்டிக்காரர் மீது சுமத்துவது எளிது. 2002 சனவரியில் யப்பானின் யொக்கோகாமா நகரில் மிற்சுபிசி லொறியொன்றின் சில்லு கழன்று ஓடி, வீதியிற் சென்ற இளந்தாய் ஒருவரின் உயிரைப் பறித்தது. பராமரிப்புக் குறைவே காரணம் என்று நிறுவனம் முதலில் உரைத்தது. சில்லைத் தாங்கும் குடத்தின் அமைப்பிலேயே குறை இருந்ததென்பதை 2004 இலேதான் ஒப்புக்கொண்டது. அந்த இரண்டாண்டு மௌனம் எத்தனை வண்டிகளை ஆபத்தோடு ஓடவிட்டது!

மீள அழைத்தல் என்பது அடிப்படையில் ஒரு கடிதமே. அது பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் முகவரிக்குச் செல்லும். ஆனால் நம்மிடையே ஓடும் வண்டிகளுட் பல யப்பானில் ஒருவர் ஓட்டிக் கைமாற்றி, கப்பலேறி வந்து, இங்கும் இருவர் மூவர் கை கடந்தவை. அந்தக் கடிதம் கடல் கடந்து கல்லடிக்கோ களுவாஞ்சிகுடிக்கோ வருமா? 'பட்டா' வண்டியின் பிறப்பிடமான இந்தியாவிலும், அரசு கட்டளையிட்டு மீள அழைக்கச் செய்யும் விதி 2021 ஏப்ரல் 1 ஆம் திகதியே நடைமுறைக்கு வந்தது.

கடிதம் வராவிடின் நாமே அதனைத் தேடிச் செல்லவேண்டும். சேசி நம்பர் எனப்படும் அடிச்சட்ட இலக்கம் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். அதனை உற்பத்தி நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டுப் பார்த்தால், அவ்வண்டி மீள அழைக்கப்பட்டதா, திருத்தப்பட்டதா என்பதைப் பெரும்பாலும் அறியலாம். யப்பானில் விற்கப்பட்ட வண்டிக்கு அந்நாட்டுத் தளத்தையே பார்த்தல் வேண்டும். தந்தைக்கு இது கைவராத காரியமாயின், பாடசாலை செல்லும் மகனோ மகளோ பத்து நிமிடத்திற் செய்து கொடுக்கலாம். மாணவர்களே, இது உங்கள் வேலை.

வேறு சில வேலைகளுக்கு இணையமும் வேண்டா. பாரம் இறக்கிய பின் பின்கதவைத் திறந்து இருபக்க வடங்களையும் பாருங்கள். இரு முனைகளிலும் கபில நிறக் கறை வழிந்திருந்தாலோ, உறை வெடித்திருந்தாலோ, ஓர் இழையேனும் அறுந்திருந்தாலோ, இரண்டு வடங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். சங்கிலியாயின் கொளுக்கியையும், கதவு சுழலும் பிணைச்சலையும் பாருங்கள். உப்புப் பட்ட இடங்களை நன்னீராற் கழுவி உலரவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்கதவு கதவேயன்றி வாங்கு அன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எங்கள் அயல்வீட்டுக்காரர் மறுவாரமே இரு வடங்களையும் மாற்றிவிட்டார். பழைய வடத்தைத் தம் கையாற் தேய்த்துப் பார்த்தபின், அவர் அந்தப் பொடியன்களை ஏசுவதில்லை.