பழைய வாளும் புதிய துருவும்

வெள்ளவத்தையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பரொருவர் அண்மையில் எனக்கு ஒரு வாளை எடுத்துக் காட்டினார். இணையவழி வணிகரொருவரிடம், ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொடுத்து வாங்கியது. “பண்டாரவன்னியன் காலத்து வாள்” என்பது விளம்பரம். சிங்கமுகப் பிடியும் துருவேறிய அலகுமாகத் தோற்றம் நன்றாகத்தான் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் பித்தளை வார்க்கும் முதியவரொருவரிடம் அதனைக் கொண்டுசென்றோம். அவர் வரலாறு கற்றவரல்லர். பிடியின் ஓரமாக நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, “அச்சில வார்த்தது மாஸ்டர். ரெண்டு பாதியும் சேர்ந்த கோடு இன்னும் கிடக்கு” என்றார்.

கண்டி இராச்சியத்துக் கஸ்தானை வாள்களை நமது தேசிய நூதனசாலையிற் கண்டோர் அறிவர்: சிங்கத்தின் கண்ணும் பல்லும் பிடரிமயிரும் உளியின் கூர்மையோடு நிற்கும். வார்த்த பிடியாயினும் பழைய கைவினைஞன் அதனை உளியால் முடித்தே விடுவான். போலியில் அவை மழுங்கிக் கிடக்கும். நுண்ணிய குமிழ்த் தழும்புகளும் தெரியும். துருவும் சாட்சி சொல்லும். நெடுங்காலத் துரு கருங்கபிலமாய், ஓரிடம் ஆழ்ந்தும் ஓரிடம் மேலோடியும் இருக்கும். அமிலத்தில் தோய்த்தெடுத்த துருவோ எங்கும் ஒரே சீராய்ச் செம்மஞ்சள் பூத்திருக்கும். நண்பரின் வாளில் இன்னுமொரு வேடிக்கை: கைபட்டுத் தேயவேண்டிய இடம் தேயவில்லை, விரல் நுழையாத இடுக்கு தேய்ந்திருந்தது!

எனினும் உலோகத்தைவிடப் பெரிய சான்று ஒன்றுண்டு. பொருள் கைமாறி வந்த வழி. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிற் கவர்ந்த லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன்னும் வெள்ளியும் அணிந்த இரு கஸ்தானைகள், ஒரு கத்தி, இரு துப்பாக்கிகள் ஆகிய ஆறும் 2023 டிசம்பரிற் கொழும்பில் மீளக் கையளிக்கப்பட்டன. இரு நாட்டு ஆய்வாளரும் பழைய பதிவேடுகளைத் துருவி அவை வந்த வழியைத் தேடிய பின்னரே அது நிகழ்ந்தது. நம் வணிகரிடம் இருந்ததோ ஒரு கதை மட்டுமே.

அவர் கனடாவுக்கும் அனுப்பிவைப்பாராம்! 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டதெனக் கருதத்தக்க பொருளைத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அநுமதிப்பத்திரமின்றி நாட்டைவிட்டு அனுப்ப 1940ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது. எனவே, பத்திரமில்லாமல் அனுப்ப முன்வரும் வணிகர் போலியை விற்கிறார்; அன்றேல் நாட்டின் உடைமையைக் கடத்துகிறார். இரண்டிலொன்று.

வணிகரை மட்டும் வைது பயனில்லை. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியவன் பண்டாரவன்னியன். அதே ஆண்டின் இறுதியில் அவன் தோற்றதைச் சொல்லக் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல்லொன்று இருந்தது. அக்காலத்தை ஏடுகளிலும் ஆவணங்களிலும் தேடிக் கற்பிக்க வேண்டிய நாம், மேடைதோறும் வீரம் பேசிக் கலைந்துவிடுகிறோம். கற்காத வரலாற்றின்மீது எழும் பசிக்குத்தான் இவ்வாள்கள் வார்க்கப்படுகின்றன. நாளை ஒரு மாணவன் இதனைப் படம்பிடித்துத் தன் கட்டுரையிற் சேர்ப்பானாயின், உண்மையான வன்னியனையும் ஐயுறுவோர்க்கு நாமே வாய் திறந்துவிட்டவராவோம்.

வாள் இன்னும் நண்பரின் சுவரிலேயே தொங்குகிறது. அதன்கீழ் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை மட்டும் அவர் கிழித்துவிட்டார்.