விதையை ஃப்ரீசரில் வைக்கலாம்... சுரபுன்னையை எங்கே வைப்பது?

காவிரி டெல்டா என்றாலே நெல்தான் ஞாபகத்துக்கு வரும். அதே டெல்டாவின் கடைக்கோடியில் இருக்கும் வேதாரண்யம் என்றால் உப்பு. 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய ஊர். நெல்லுக்கும் உப்புக்கும் ஆகாது என்பது கடைமடை விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். ஆற்றுத் தண்ணீர் குறையக் குறைய, கடல் தண்ணீர் நிலத்தடியில் உள்ளே ஏறி வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது நாகை மாவட்டத்தில் கடலே வயலுக்குள் வந்துவிட்டது.

அந்த உப்பு மண்ணில்தான் இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் பூங்கா இருக்கிறது. பூவுக்கும் ஊஞ்சலுக்குமான பூங்கா அல்ல. உவர் நிலத்திலும் உப்புத் தண்ணீரிலும் தானாக வளரும் காட்டுச் செடிகளையும் மரங்களையும் திரட்டி, வேரோடு வளர்த்துப் பாதுகாக்கும் மரபணுப் பூங்கா. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தது. பசுமைப் புரட்சியின் தந்தை என்று நாம் படித்த அதே சுவாமிநாதன்தான். பிறந்த ஊர், டெல்டாவின் கும்பகோணம்.

‘யாரும் விதைக்காத, யாரும் சாப்பிடாத செடியை எதற்குப் பாதுகாக்க வேண்டும்?’ நியாயமான கேள்வி. பதில் நெல்லின் கதையிலேயே இருக்கிறது.

ஆறாயிரத்தில் ஒன்று

1970-களில் ஆசிய நாடுகளின் நெல் வயல்களை ஒரு வைரஸ் நோய் ஆட்டிப்படைத்தது. நம் விவசாயிகளுக்குப் பழக்கமான புகையான் பூச்சிதான் அதைப் பரப்பியது. நோய் தாக்கிய பயிர் குட்டையாகி, புல் புதர் மாதிரி தூர் கட்டி, கதிர் பிடிக்காமல் போய்விடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன்னிடம் இருந்த 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. நோயை நன்றாகத் தாங்கி நின்றது ஒன்றே ஒன்று. அதுவும் வயல் நெல் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்து அனுப்பப்பட்ட ‘ஒரைசா நிவாரா’ என்ற காட்டு நெல்.

அதைப் பயிர் நெல்லோடு கலந்து புதிய ரகங்களை உருவாக்கினார்கள். விஞ்ஞானி குர்தேவ் குஷ் குழுவினர் உருவாக்கி, 1976-ல் வெளியான ஐ.ஆர்.36 அவற்றில் ஒன்று. 80-களில் உலகம் முழுக்க ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் அது பயிரானது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். அந்தக் காட்டு நெல் மாதிரியில் முளைத்த எல்லாச் செடிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. சிலவற்றுக்குத்தான் இருந்தது. சேகரித்தவர் ஒரே ஒரு செடியிலிருந்து நாலு மணியை உருவிக்கொண்டு வந்திருந்தால் அந்த அதிர்ஷ்டம் நமக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். அதனால்தான் காட்டிலிருந்து சேகரிப்பவர்கள் பல தாய்ச்செடிகளிலிருந்து எடுப்பார்கள். எந்த இடம், எந்தத் தேதி, எப்படிப்பட்ட மண் என்று கூடவே குறித்தும் வைப்பார்கள். விதை வங்கிகளில் இந்தக் குறிப்புக்குப் பெயரே ‘பாஸ்போர்ட்’. பாஸ்போர்ட் இல்லாத விதை, விலாசம் இல்லாத கடிதம் மாதிரி.

நெல்லுக்கு ஆள் இருந்தார்கள்

பயிர் ரகங்களைக் காப்பாற்ற ஒரு சுலபமான வழி உண்டு. வருஷா வருஷம் விதைத்தால் போதும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் அதைத்தான் செய்தார். 2006-ல் தொடங்கிய நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார்கள். அவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இப்படியே 174 பாரம்பர்ய ரகங்களை மீட்டுவிட்டுத்தான் 2018 டிசம்பரில் ஜெயராமன் கண்மூடினார். உவர் நிலத்தைத் தாங்கும் குழியடிச்சான் மாதிரியான ரகங்கள் இன்றும் கைக்குக் கை மாறுவது இப்படிப்பட்டவர்களால்தான்.

காட்டுச் செடிக்கு அப்படி விதைக்கவும் திருப்பித் தரவும் விவசாயி கிடையாது. அது நிற்கிற காடு போனால் அதுவும் போய்விடும்.

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் பழைய பெயர் தில்லை. தில்லை மரக் காடு இருந்ததால் வந்த பெயர். நடராஜர் கோயிலின் தல விருட்சமும் அதுதான். ஆனால், தில்லை மரங்களைக் கூட்டமாகப் பார்க்க இன்று நீங்கள் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும்.

மரத்திலேயே முளைக்கும் விதை

நெல்லை நன்றாகக் காயவைத்து மைனஸ் 18 அல்லது 20 டிகிரி குளிரில் வைத்தால் பல பத்து ஆண்டுகளுக்கு முளைப்புத்திறன் போகாது. டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கி செய்வது அதைத்தான். சில மரங்களுக்கும் இது ஒத்துவரும். இமயமலையில் வளரும் பூர்ஜ மரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் அதன் பட்டையில்தான் சுவடி எழுதினார்கள். அதன் சொந்தக்கார மரமான பிர்ச், குளிர் நாடுகளின் காடுகளில் வளர்கிறது. பிரிட்டனின் கியூ தாவரவியல் பூங்கா 2013-ல் ஒரு திட்டம் தொடங்கி, பிர்ச் உள்ளிட்ட தன் நாட்டு மரங்களின் விதைகளைக் காடு காடாகச் சேகரித்து உறையவைத்தது.

சுரபுன்னை இதற்கெல்லாம் பிடிகொடுக்காது. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர்பிடிக்கும். காயவைத்தால் செத்துவிடும், உறையவைத்தாலும் செத்துவிடும். வெண்கண்டலும் அப்படித்தான். நார்வேயின் பனிமலைக்குள் 2008-ல் திறந்த உலக விதைப் பெட்டகத்தில்கூட இவற்றுக்கு இடமில்லை. இவற்றைக் காப்பாற்ற ஒரே நடைமுறை வழி, வளர்த்துக்கொண்டே இருப்பது.

வெண்கண்டல், உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் இலை வழியாக வெளியே தள்ளும் மரம். இலையின் மேல் உப்புத்தூள் படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்பைத் தாங்க உதவும் மரபணுக்களை இந்த மரத்திலிருந்து பிரித்தெடுத்து நெல்லில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள் சுவாமிநாதன் நிறுவனத்தின் விஞ்ஞானிகள். மரபணு மாற்றுப் பயிர் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி விவாதம். எந்தப் பக்கம் நின்று பேசினாலும், மரம் இருந்தால்தான் பேசுவதற்கே ஏதாவது இருக்கும்.

ஒரே ராத்திரி

உயிருள்ள சேகரிப்புக்கு உயிருள்ள ஆபத்தும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது வேதாரண்யம் பக்கம்தான். டெல்டாவின் தென்னைகள் சாய்ந்தது எல்லோருக்கும் தெரியும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் அன்று பலத்த சேதம். ஒரே இடத்தில் வைத்திருக்கும் எதுவும் ஒரே ராத்திரியில் போகலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

விதை வங்கிகள் ஒரு பிரதியை வேறு ஊரில் வைத்திருப்பதும் இந்தப் பயத்தால்தான். மரத்துக்குப் பிரதி என்றால் இன்னொரு தோட்டம், இன்னொரு கழிமுகம். எல்லாவற்றுக்கும் மேலே, அவை பிறந்த காடுகளே நன்றாக இருக்க வேண்டும். பிச்சாவரம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதற்கு, டெல்டா விவசாயி சந்தோஷப்படவும் காரணம் இருக்கிறது. அவருடைய பேரன் காலத்து நெல்லுக்குத் தேவையான ஏதோ ஒன்று அந்தச் சேற்றில் இப்போதே வளர்ந்துகொண்டிருக்கலாம்.

அடுத்த லீவில் பிச்சாவரம் போனால், படகில் செல்ஃபி எடுத்து முடித்ததும் குழந்தைகளுக்கு அந்தத் தொங்கும் ‘முருங்கைக்காயை’க் காட்டுங்கள். பறிக்க வேண்டாம். அது விழ வேண்டிய இடம் அந்தச் சேறுதான்.