ஆகாய இணையமும் சலுகைக் குறியீடும்

அமெரிக்க விமானப் பயணத்தில் ஒரு சிறு வணிகப் பழக்கம் மெல்ல விடைபெற்று வருகிறது. பறக்கும்போது வைஃபை இணைப்புக்குக் கட்டணம் கேட்பதும், அக்கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பயணிகள் ‘புரோமோ கோடு’ எனப்படும் சலுகைக் குறியீட்டைத் தேடி அலைவதும்தான் அந்தப் பழக்கம். டெல்டா நிறுவனம் 2023 பிப்ரவரியில் தன் உறுப்பினர்களுக்கு இணையத்தை இலவசமாக்கத் தொடங்கியது. சவுத்வெஸ்ட் 2025 அக்டோபரில் அவ்வழியைப் பின்பற்றியது. 2026 ஜனவரி முதல் தானும் அவ்வாறே வழங்கப்போவதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலில் அறிவித்தது.

பயணிக்கு இது நற்செய்திதான். ஆனால், குறியீடுகள் கோலோச்சிய காலத்தை அப்படியே மறந்துவிடுவது நமக்கு நல்லதன்று. விமான இணையம் இந்தியாவில் இப்போதுதான் வேர்பிடிக்கிறது. அங்கே நடந்ததை அறிந்துகொண்டால், இங்கே எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

விமானத்தில் இணையம் விற்கும் முயற்சியை போயிங் நிறுவனமே முதலில் பெரிய அளவில் மேற்கொண்டது. ‘கனெக்‌ஷன்’ என்ற பெயரில் 2004-இல் லுஃப்தான்சா விமானத்தில் தொடங்கிய அச்சேவை, போதிய வாடிக்கையாளர் இல்லாமல் 2006-இல் மூடப்பட்டது. பின்னர் 2008-இல் கோகோ என்ற நிறுவனம் தரைக் கோபுரங்களிலிருந்து விமானத்துக்கு அலைக்கற்றை அனுப்பும் முறையுடன் களமிறங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் நெடுந்தூர விமானங்களில் அன்றைய கட்டணம் 12.95 டாலர். ஒரு விமானத்துக்குக் கிடைத்த மொத்த வேகமோ அதிகபட்சம் நொடிக்கு சுமார் 3 மெகாபிட். அதைத்தான் பயணிகள் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இணைந்தால் யாருக்கும் பயன்படாது. ஆகவே, கட்டணம் வருவாயாக இருந்ததோடு, கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலியாகவும் இருந்தது.

அந்த வேலியில் வைக்கப்பட்ட சிறு வாயில்தான் சலுகைக் குறியீடு. நிறுவனச் செலவில் பறக்கும் அதிகாரி விலையைப் பார்ப்பதில்லை. கேட்ட தொகையைக் கட்டிவிடுவார். சொந்தப் பணத்தில் பறக்கும் மாணவரோ ஐந்து டாலர் குறைந்தால்தான் வாங்குவார். இருவருக்கும் வெளிப்படையாக வெவ்வேறு விலை சொல்ல முடியாது. எனவே, விலையை உயர்த்தி வைத்துவிட்டு, தேடிக் கண்டுபிடிப்பவருக்கு மட்டும் குறைப்பது நிறுவனத்துக்கு வசதியானது. தேடும் பொறுமையே இங்கு தள்ளுபடிக்கான தகுதி. பொருளியலில் இதை விலைப் பாகுபாடு என்பார்கள்.

இதில் நான் கவனிக்கத்தக்கதாகக் கருதுவது ஒன்று உண்டு. குறியீடு இருக்கும் இடம் இணையம். அது தேவைப்படும் இடம் இணையம் இல்லாத விமானம். மேலே ஏறியபின் கட்டண வாயிற்பக்கத்தைத் தாண்டாமல் வெளித்தளங்களுக்குச் செல்ல முடியாது. குறியீட்டைத் தேட இணைப்பு வேண்டும். இணைப்பைப் பெறக் குறியீடு வேண்டும். முன்கூட்டித் திட்டமிடுபவருக்கு ஒரு விலை, திடீர்த் தேவை ஏற்பட்டவருக்கு வேறொரு விலை என்றே நடைமுறையில் இது முடிந்தது. மேலே இருப்பவருக்கு மாற்றுக் கடையும் இல்லை.

ஆகவே, கட்டண இணையம் இன்னும் நிலவும் விமானங்களில் பயணம் செய்வோர் செய்யத்தக்கவை சில. முதலாவது, தேடுதலைத் தரையிலேயே முடித்துக்கொள்வது. விமான நிறுவனத்தின் உறுப்பினர் திட்டம், தொலைபேசி நிறுவனத்தின் வெளிநாட்டுத் திட்டம், கடன் அட்டையின் சலுகைப் பட்டியல் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் டி-மொபைல் வாடிக்கையாளர்களுக்கு விமான இணையம் நெடுங்காலமாகச் சலுகையாகக் கிடைத்து வருகிறது. இரண்டாவது, முன்பதிவு விலையை ஒப்பிடுவது. பயணத்துக்கு முன்பே வாங்கினால் குறைவாக இருப்பது வழக்கம். மூன்றாவது, குறியீட்டின் நிபந்தனைகளைப் படிப்பது. எந்த நிறுவனத்தின் விமானம், எந்தச் சேவை வழங்குநர், ஒருமுறைக்கானதா, எந்தத் தேதி வரை என்பவை பொருந்தாவிட்டால் குறியீடு வெறும் எழுத்துக் கோவைதான்.

குறியீடுகளைத் தொகுத்துத் தரும் தளங்களை நம்பி நேரத்தைச் செலவிடுவது பெரும்பாலும் வீண். குறியீடு செல்லுபடியாகிறதா என்பதைக் காட்டிலும், நீங்கள் அதைச் சொடுக்குவதே அவர்களுக்கு வருவாய். காலாவதியானவை அங்கே பட்டியலில் நீடிப்பதற்குக் காரணம் இதுவே.

சலுகையின் பின்னால் ஒளிந்திருக்கும் செலவு இதனினும் பெரிது. கோகோவின் மாதச் சந்தாவை ஒரு மாதத்துக்கு மட்டும் என எண்ணி வாங்கியவர்களின் கடன் அட்டையிலிருந்து, ஒவ்வொரு மாதமும் தானாகப் பணம் எடுக்கப்பட்டதாக நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பயணி ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி வழக்கை நடுவர் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நிறுவனம் கோரியது. நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன் 2015-இல் அதை ஏற்க மறுத்தார். இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டார் என்பதாலேயே, கண்ணில் படாத நிபந்தனைகள் அனைத்துக்கும் ஒருவர் உடன்பட்டதாகக் கொள்ள முடியுமா என்பதே அத்தீர்ப்பு எழுப்பிய அடிப்படைக் கேள்வி.

இலவசத்தின் பெயரால் வரும் ஆபத்து வேறு வகை. உள்நாட்டு விமானத்தில் சந்தேகத்துக்குரிய வைஃபை இணைப்பு ஒன்று தென்படுவதாக விமான ஊழியர்கள் அளித்த புகாரின்பேரில், ஆஸ்திரேலியக் கூட்டரசுக் காவல்துறை 2024-இல் ஒருவர் மீது வழக்குப் பதிந்தது. உண்மையான இணைப்பைப் போலவே பெயர் சூட்டிய போலி இணைப்பை உருவாக்கி, மின்னஞ்சல், சமூக ஊடகக் கடவுச்சொற்களைக் கேட்டுப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. இணையத்தில் சேர மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்கும் எந்தப் பக்கமும் ஐயத்துக்குரியது.

இனி, முறையான இலவசத்துக்கே வருவோம். செயற்கைக்கோள் தொழில்நுட்பம் வளர்ந்ததால் அலைக்கற்றைப் பஞ்சம் குறைந்தது. ஜெட்புளூ 2017-லேயே தன் விமானங்கள் அனைத்திலும் இணையத்தை இலவசமாக்கிக் காட்டியது. அதன்பின் வந்த டெல்டாவும் சவுத்வெஸ்ட்டும் டி-மொபைலின் ஆதரவுடனும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏடி&டி-யின் ஆதரவுடனும் இச்சேவையை அமைத்துக்கொண்டன. இவை மூன்றிலும் பயணி உறுப்பினராகப் பதிந்து உள்நுழைய வேண்டும். முன்பு குறியீட்டைத் தட்டச்சு செய்த இடத்தில் இப்போது உறுப்பினர் எண். பணம் கொடுத்தவர் பயணம் முடிந்ததும் விலகிப் போய்விடலாம். பெயரையும் தொடர்பு முகவரியையும் பயணப் பழக்கத்தையும் கொடுத்தவர் அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் தொடர்ந்து இருப்பார். அது தவறான பேரம் என்று நான் சொல்லவில்லை. பேரம் என்று தெரிந்தே அதில் ஈடுபட வேண்டும் என்கிறேன்.

இந்தியாவில் 2018 டிசம்பரில் வெளியான விதிகள் விமானத்தில் இணையத்துக்கு வழிதிறந்தன. 3,000 மீட்டர் உயரத்தை எட்டிய பிறகே பயணிகள் வைஃபையைப் பயன்படுத்தலாம். 2020-இல் சேவையைத் தொடங்கிய விஸ்தாரா, 2024-இல் தன் பன்னாட்டு விமானங்களில் வரி நீங்கலாகச் சுமார் 370 ரூபாயிலிருந்து 2,700 ரூபாய் வரை கட்டணம் வைத்திருந்தது. அது ஏர் இந்தியாவுடன் இணைந்தபின், 2025 ஜனவரி 1 முதல் குறிப்பிட்ட சில விமான வகைகளில் உள்நாட்டுப் பயணிகளுக்கும் இணையம் கிடைத்தது. அறிமுகக் காலத்துக்கு இலவசம் என்ற நிபந்தனையுடன். அறிமுகக் காலம் எல்லாச் சேவைக்கும் ஒருநாள் முடியும். அப்போது என்ன வரும் என்பதே நம் கவலையாக இருக்க வேண்டும்.

இதை எதிர்கொள்ளச் சட்டக் கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தில் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்கவைப்பதும், முழு விலையை முதலில் சொல்லாமல் படிப்படியாகக் கூட்டுவதும் அவற்றில் அடங்கும். தேவைக்கு மேல் தகவல் கேட்பதை 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இவற்றை விமானத்துக்குள்ளும் உறுதியாகப் பொருத்த வேண்டும்.

அதற்கு மூன்று ஏற்பாடுகள் போதும். பயணச்சீட்டு வாங்கும் பக்கத்திலேயே இணையக் கட்டணமும் தள்ளுபடியும் தெரிய வேண்டும். ஒரு பயணத்துக்கு வாங்கியது அந்தப் பயணத்தோடு முடிய வேண்டும். நீட்டிப்பு, பயணி தனியே கேட்டால் மட்டுமே. இணைப்பு தருவதற்குத் தேவையான விவரத்தைத் தவிர வேறெதையும் கட்டாயமாகக் கேட்கக் கூடாது.

தரையில் ஒரு விலை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். 3,000 மீட்டர் உயரத்தில் அந்த உரிமை பயணிக்கு இல்லை. அங்கே நியாயமான விலை கிடைப்பது, ஒருவர் புறப்படும் முன் எவ்வளவு நேரம் குறியீடு தேடினார் என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது.